ஒரு கணக்கு, பல கைகள்

மலாக்காத் தோட்டங்களில் பால் நிறுத்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் கணக்குப் புத்தகம் ஒன்று, எழுதும் கிராணியார் ஒருவர். இன்று நம் பணத்தின் கணக்கை எழுதுவது கணினி. அதற்குக் கைகள் பல. ஒரே நிரலுக்குள் ஒரே சமயத்தில் வேலை செய்யும் அந்தக் கைகளை 'இழைகள்' என்பார்கள்.

குடும்பக் கணக்கில் 100 வெள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா ஜாசினில் 50 வெள்ளி போடுகிறார். அதே நொடியில் மகள் அலோர் காஜாவில் 30 வெள்ளி போடுகிறாள். இரண்டு இழைகளும் 100 என்றே படிக்கின்றன. ஒன்று 150 என்று எழுதுகிறது. மற்றது அதன்மேல் 130 என்று எழுதிவிடுகிறது. 180 இருக்க வேண்டிய இடத்தில் 130! யாரும் திருடவில்லை, ஆனாலும் 50 வெள்ளியைக் காணோம்.

இதற்கு மருந்து 'பூட்டு'. ஓர் இழை படித்து, கூட்டி, எழுதி முடிக்கும்வரை மற்றது காத்திருக்க வேண்டும்.

பூட்டு சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? ஓர் இழையை மட்டும் ஓட்டினால் குறை தெரியாது. வெறுங்கணக்கில் 10 இழைகளை ஒன்றாக விட்டு, ஒவ்வொன்றும் 1,000 தடவை ஒரு வெள்ளி போடச் செய்யலாம். முடிவில் 10,000 வெள்ளி இருக்க வேண்டும். ஒரு வெள்ளி குறைந்தாலும் பிழைதான்.

சரியாக வந்துவிட்டால் நிம்மதியா? அதுவும் இல்லை. அன்று மோதல் நேராமல் போயிருக்கலாம். 2003 ஆகஸ்ட் 14இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் நின்றது. மரங்களில் உரசி மின்கம்பிகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தபோது, ஓஹாயோவின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி ஒலிக்கவில்லை. மணியை இயக்கும் நிரலில் இரண்டு பகுதிகள் ஒரே தகவலில் ஒரே நேரத்தில் எழுதியதே காரணம். அந்த நிரல் அதற்கு முன் பல இடங்களில் மொத்தம் 30 லட்சம் மணி நேரத்துக்கும் மேல் குறையின்றி ஓடியிருந்தது! நிரலுக்குள் வேண்டுமென்றே தாமதங்களைப் புகுத்திப் பார்த்த பிறகே பிழை அகப்பட்டது.

ஆகவே இரண்டு வேலையும் வேண்டும். படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே தாமதம் வைத்து மோதலை வரவழைக்க வேண்டும். பொதுக் கணக்கைத் தொடும் ஒவ்வோர் இடத்திலும் பூட்டு உண்டா என்று நிரலை வரிவரியாகப் படிக்கவும் வேண்டும். ஓரிடம் விட்டுப்போனால் மற்ற பூட்டுகளால் பயனில்லை.

கணினி பயிலும் நம் பிள்ளைகள் இதை மனத்தில் வைக்கட்டும். அவர்கள் எழுதும் நிரலில் யாரோ ஒரு குடும்பத்தின் கூலி இருக்கும். நாமும் பணம் போட்ட ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்வோம்.