டயரைப் பள்ளத்தில் இறக்குங்கள்

சைக்கிளில் இருப்பது டியூப்லெஸ் ரிம். கையில் இருப்பதோ சாதாரண டயர். மாட்டலாமா? டியூப் போட்டு மாட்டலாம். ஆனால் ரிம் ஓரத்தில் உள்பக்கம் கொக்கி போன்ற மடிப்பு இருக்க வேண்டும். மடிப்பில்லாத ரிம்முக்குச் சாதாரண டயர் வேண்டவே வேண்டாம். ஓடும்போது கழன்று தெறிக்கலாம்.

டியூப்லெஸ் ரிம்மில் டயர் இறுக்கமாகத்தான் ஏறும். கடைசி ஒரு சாண் பாடாய்ப் படுத்தும். இரும்புக் கம்பியால் நெம்பாதீர்கள், டியூப் கிழியும். ரிம்மின் நடுவே பள்ளம் ஓடுகிறது. அங்கே சுற்றளவு குறைவு. டயரின் விளிம்பைச் சுற்றிலும் அந்தப் பள்ளத்தில் இறக்குங்கள். தலையணையை ஒரு மூலையில் அமுக்கினால் இறுக்கமான உறையும் ஏறுகிறதே, அதுபோலத்தான். வால்வுக்கு எதிரே தொடங்கி, வால்வில் முடியுங்கள். டியூப் எங்கும் நசுங்கவில்லையே என்று பார்த்துவிட்டுக் காற்றடியுங்கள். ‘டப்’ என்று சத்தம் வரும். பயப்படாதீர்கள். டயர் உட்கார்ந்துவிட்டது.