பொறுமைக்கு அப்பால் இருபத்துநான்கு



நடுவயதுப் பெண்களின் குணவலிமைகளை உளச்சிகிச்சையால் வளர்க்கலாமா என்று பேசப் புத்தளத்தில் கூடியிருக்கிறோம். இந்தக் கரையில் அந்தப் பெண்கள் யார்? 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலோர் இங்கே வந்து சேர்ந்தனர். அன்று உம்மாவின் கையைப் பிடித்து வந்து, கற்பிட்டியிலும் ஆலங்குடாவிலும் கிடுகுக் கொட்டில்களில் வளர்ந்த சிறுமிகள் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள், சிலர் தாண்டிவிட்டார்கள். பலர் வெங்காயத் தோட்டத்திலும் உப்பளத்திலும் நாட்கூலிக்குப் போனவர்கள். சிலர் வளைகுடா வீடுகளில் வேலை செய்து திரும்பியவர்கள்.

இடம்பெயர்ந்து இம்மாவட்டத்தில் வாழும் 450 பேரிடம் செஸ்மால் சிறிவர்தன குழுவினர் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. பொதுவான உளநோய்கள் 18.8 வீதத்தினரிடம் இருந்தன. உள்ளத்தின் துயரம் உடல் உபாதையாக வெளிப்படும் நிலை 14 வீதம்; மனவடு நோய் 2.4 வீதம் மட்டுமே. நம் பயிற்சிப் பட்டறைகளில் பெரும்பங்கு அந்த 2.4 வீதத்தைப் பற்றியே நடக்கிறது என்பது என் மனக்குறை. நெஞ்சு கனக்குது, கைகால் உளையுது என்று வெளிநோயாளர் பிரிவுக்கு வருபவர் வலிமாத்திரையோடு வீடு போகிறார்.

2004இல் பீட்டர்சனும் செலிக்மனும் 24 குணவலிமைகளை வகுத்தார்கள். 2006இல் செலிக்மன், தய்யப் ரஷீத், பார்க்ஸ் மூவரும் அவற்றை வைத்து நேர்மறை உளச்சிகிச்சையை எழுதினார்கள். குறையைத் தோண்டுவதோடு நில்லாமல், ஒருவரிடம் ஏற்கெனவே உள்ள வலிமையைக் கண்டு அதைப் புதிய இடத்தில் பயன்படுத்தச் சொல்வது அதன் முறை. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் நன்றியுணர்வு, மன்னிப்புப் பயிற்சிகளை அப்படியே இங்கு இறக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பொறுமையாய் இரு என்று இந்தப் பெண்களுக்கு வீட்டிலும் பள்ளிவாசலிலும் நிவாரண வரிசையிலும் முப்பது வருடமாய்ச் சொல்லியாயிற்று. உளவளத்துணையாளரும் அதையே சொல்ல வேண்டுமா? குடித்துவிட்டு அடிக்கும் கணவனை மன்னிக்கப் பழக்குவது சிகிச்சையாகாது.

அப்படியானால் இவர்களிடம் ஏற்கெனவே உள்ள வலிமை எது? சீட்டுப் பிடிக்கும் ஒருத்தியைப் பாருங்கள். யாருக்கு முதலில் கொடுப்பது, யாருக்குத் தவணை தள்ளுவது, யாருடைய கஷ்டத்தை வெளியே சொல்லாமல் காப்பது என்று மாதாமாதம் தீர்மானிக்கிறாள். நீதியுணர்வு, முன்யோசனை, தலைமை மூன்றும் அவளிடம் நடைமுறையிலேயே இருக்கின்றன. தனக்கு ஒரு நியாயம் கேட்கும் இடத்தில், காதி நீதிமன்றத்திலோ காணிக் கச்சேரியிலோ, அதே பெண் வாயடைத்து நிற்கிறாள். சிகிச்சை தொட வேண்டிய இடைவெளி அதுதான்.

சிறிவர்தன குழு ஆய்வு செய்த அதே மக்களை ஓராண்டு கழித்துத் தொடர்ந்த ஆய்வில், உணவுக்கு உத்தரவாதமின்மையும் தனிமையும் தாங்குதிறன் குறைவோடு சேர்ந்தே காணப்பட்டன. ஆகவே இரண்டு கோரிக்கைகள். குழு அமர்வுகளை மாதர் சங்கத்தோடும் சீட்டோடும் இணையுங்கள். நேரத்தையும் மாற்றுங்கள், காலை ஒன்பது மணி களை பிடுங்கும் நேரம். இந்த மண்டபத்தில் அவர்களில் ஒருவரும் இல்லாததற்கும் அதுவே காரணம். அடுத்த கருத்தரங்கை அஸர் தொழுகைக்குப் பிறகு வைக்க ஏற்பாட்டாளர்களை இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.