பாதத்தில்கூடப் பிறக்காதவர்களின் பூர்வீகம்

(கடலூரிலும் சிதம்பரத்திலும் மாணவர்கள், செயல்வீரர்கள் கூட்டங்களில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம மாவட்டத்துல பஸ்ஸுல பக்கத்துல உட்கார்றவர் முதல்ல 'எந்த ஊரு?'ன்னு கேட்பார். அடுத்து 'ஊர்ல எந்தப் பக்கம்?'ன்னு கேட்பார. இந்த இரண்டாவது கேள்விதான் நிஜமான கேள்வி. நீ எங்கிருந்து வந்தாய் என்று கேட்பதே உனக்கு எந்த இடம் என்று முடிவு செய்யத்தான். மனிதத் தோற்றம் பற்றிய விவாதமும் அப்படித்தான். 'கூலி, நிலம், வன்கொடுமை வழக்குன்னு ஆயிரம் வேலை கிடக்கு, இப்ப போய் மண்டை ஓட்டு ஆராய்ச்சி எதுக்கு?' என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகவே இந்தப் பேச்சு.

ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் புருஷ சூக்தம் இருக்கிறது. புருஷனுடைய வாய் பிராமணன், தோள் ராஜன்யன், தொடை வைசியன், பாதத்தில் பிறந்தவன் சூத்திரன். இது வெறும் உலகத் தோற்றக் கதை அல்ல, சமூகம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற சட்டம் என்பதை 1946-இல் வெளிவந்த சூத்திரர் பற்றிய நூலில் அம்பேத்கர் விரிவாகப் பேசினார். சரி, இந்த உடம்பில் நாம் எங்கே? வாயில் இல்லை, தோளில் இல்லை, தொடையில் இல்லை. பாதத்தில்கூட இல்லை. பின்னாளில் 'பஞ்சமர்' என்று ஐந்தாவதாக ஒட்டவைத்தார்கள். அந்தக் கதைப்படி நாம் படைக்கப்படவே இல்லை. படைக்கப்படாதவனுக்குப் பங்கு எப்படி வரும்?

விவிலியத்தின் ஆதியாகமம் வேறு மாதிரிப் பேசுகிறது. எல்லாருக்கும் ஒரே தாய் தகப்பன். நம் மக்களில் பலரை மாதாகோயிலுக்கு இழுத்ததில் இந்தச் செய்திக்கும் பங்குண்டு. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே, நோவாவின் மகன் காம் வழிக்குச் சாபம் என்று சொல்லி அமெரிக்காவில் கறுப்பர்களை அடிமையாக வைத்தார்கள். இங்கே கோயிலுக்குள் தனி வரிசை, செத்த பிறகு தனிக் கல்லறை.

இரண்டு கதைக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. உயிர்கள் முதல் நாளே வகை வகையாகப் படைக்கப்பட்டன, ஒரு வகை இன்னொரு வகையாக மாறாது என்பதே அது. நம் மொழியில் 'சாதி' என்ற சொல்லைப் பாருங்கள். மனித சாதி, விலங்கு சாதி என்கிறோம். பள்ளிச் சான்றிதழிலும் அதே சொல். உயிரினத்துக்கும் பிறப்பு அடுக்குக்கும் ஒரே சொல் புழங்கும் நாட்டில், 'வகை மாறாது' என்ற வாதம் வெறும் உயிரியல் வாதமாக நிற்காது.

சிதம்பரத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தீட்சிதர்கள் மூவாயிரவரும் கயிலையிலிருந்து வந்தவர்கள் என்பது ஒரு கதை. ஆதனூர் நந்தன் நெருப்பில் இறங்கி, பழைய உடம்பு ஒழிந்து, பூணூல் போட்ட முனிவராக எழுந்தார் என்பது பெரியபுராணம் சொல்லும் கதை. முதல் கதை கோயில் சாவியைக் கொடுக்கிறது. இரண்டாவது கதை நெருப்பைக் கொடுக்கிறது. பறையர் பறையராகவே உள்ளே போக வழியில்லை, உடம்பே எரிந்து வேறு வகையாக வரவேண்டும் என்பதுதான் அதன் பொருள். அந்த நெருப்புக்கு நம்மவர் தந்த பதிலும் இதே சிதம்பரத்தில்தான் இருக்கிறது. சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பெயரிலேயே பள்ளிக்கூடம் தொடங்கினார். நெருப்புக்குப் பதில் படிப்பு. நாமும் படிப்புக்கு வருவோம்.

பரிணாமம் என்ன சொல்கிறது? வகைகள் நிலையானவை அல்ல என்கிறது. ஒரே கூட்டத்துக்குள் பிள்ளைக்குப் பிள்ளை சின்னச் சின்ன வேறுபாடு இருக்கும். அந்தந்தச் சூழலில் எது அதிகம் தப்பிப் பிழைத்துக் குட்டி போடுகிறதோ அதன் கூறு பெருகும். லட்சக்கணக்கான ஆண்டுகளில் கூட்டமே மாறிப்போகும். அவ்வளவு காலம் ஏது என்று கேட்டால் வெளியூர் போக வேண்டாம். கேப்பர் மலைச் செம்மேட்டைப் பாருங்கள். அந்தப் பாறைக்கு நிலவியலில் 'கடலூர் மணற்கல்' என்றே பெயர். அதே பாறையில் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன, ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டு வயது. நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளி வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரி, கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காடு. அயர்லாந்து பேராயர் அஷர் 1650-இல் கணக்குப் போட்டு, உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்றார். நெய்வேலிக் கரி அந்தக் கணக்குக்குள் அடங்காது.

படைப்புவாதிகள் சொல்லும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுப்போம்.

'குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்க்கவில்லை.' 2018 ஜனவரியில் ஒன்றிய மனிதவளத் துறை இணை அமைச்சர் சத்யபால் சிங் சொன்னது இது. டார்வின் கொள்கை தப்பு, பாடத்திலிருந்து மாற்ற வேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து மறுத்தன. உன் கொள்ளுப்பாட்டன் பிறந்ததை நீ பார்த்தாயா? பார்க்காததற்குத் தடயம் இருக்கிறது, அதை வைத்துத்தான் கோர்ட்டே நடக்கிறது.

'குரங்கிலிருந்து வந்தோம் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கு?' சித்தப்பா மகன் உயிரோடு இருக்கிறான், அப்புறம் நீ எப்படித் தாத்தாவின் பேரன் என்று கேட்பது மாதிரி இது. சிம்பன்சி நமக்குப் பாட்டன் இல்லை, பங்காளி. இருவருக்கும் பொதுவான முன்னோர் சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தனர்.

'பில்ட்டவுன் மனிதன் மோசடிதானே?' ஆமாம், மோசடிதான். 1912-இல் இங்கிலாந்தில் மனித மண்டை ஓட்டோடு ஒராங்குட்டான் தாடையைச் சேர்த்து வைத்து ஏமாற்றினார்கள். 1953-இல் அதை அம்பலப்படுத்தியவர்களும் விஞ்ஞானிகளே. ஆனால் நாம் இதில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1924-இல் தென்னாப்பிரிக்காவின் டாங் பகுதியில் ஒரு குழந்தையின் மண்டை ஓடு கிடைத்தது. ரேமண்ட் டார்ட் அதை மனித வழியின் முன்னோர் என்றார். பெரிய மேதைகள் பலர் நெடுங்காலம் ஏற்கவில்லை. ஆங்கிலேய மண்ணின் போலிக்கு நாற்காலி, கறுப்பு மண்ணின் உண்மைக்கு வாசற்படி! விஞ்ஞானிகளுக்குள்ளும் ஊரும் சேரியும் உண்டு. வித்தியாசம் என்னவென்றால், அங்கே தடயம் கடைசியில் நாற்காலியைத் தட்டிவிட்டது.

'இடைப்பட்ட உயிர் எங்கே?' 1974-இல் எத்தியோப்பியாவில் கிடைத்த லூசிக்கு வயது 32 லட்சம் ஆண்டு. இரண்டு காலால் நடந்தவள். அவள் இனத்தின் மூளை சுமார் 450 கன சென்டிமீட்டர். 1984-இல் கென்யாவில் துர்க்கானா ஏரிப் பக்கம் ஒரு சிறுவனின் எலும்புக்கூடு கிடைத்தது. வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு, மூளை சுமார் 880. அதை முதலில் கண்டுபிடித்தவர் கமோயா கிமெயு என்ற கென்யர், ஆடு மேய்த்த குடும்பத்துப் பிள்ளை. நம் மூளை சராசரி 1,350. இடைப்பட்டது இல்லையென்றால் இவையெல்லாம் என்ன? படைப்புவாதிகளிடமே கேட்டால், ஜாவா மண்டை ஓட்டை ஒருவர் சுத்தமான குரங்கு என்கிறார், இன்னொருவர் முழு மனிதன் என்கிறார். நடுவில் கோடு தெளிவாக இருந்தால் இந்தக் குழப்பம் ஏன் வருகிறது?

இந்து மதத்தின் பெயரிலும் படைப்புவாதம் உண்டு. 1993-இல் மைக்கேல் கிரெமோ, ரிச்சர்ட் தாம்சன் என்ற இரு கிருஷ்ண பக்தர்கள் ஒரு தடித்த புத்தகம் போட்டார்கள். மனிதன் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இன்றைய வடிவிலேயே இருக்கிறான், விஞ்ஞானிகள் மறைக்கிறார்கள் என்பது வாதம். அஷருக்குக் காலம் போதவில்லை, இவர்களுக்குக் காலம் தாராளம். ஆனால் இரண்டு பேரிடமும் மனிதன் மட்டும் மாறுவதில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1982 டிசம்பர் 5 அன்று மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரை ஹத்நோராவில், நிலவியல் ஆய்வுத் துறையின் அருண் சோனாக்கியா ஒரு மண்டை ஓட்டைக் கண்டெடுத்தார். புருவ எலும்பு தடித்துப் புடைத்தது, மூளையோ நம்முடையதை நெருங்குவது. முதலில் ஹோமோ எரெக்டஸ் என்றார்கள். 1991-இல் கென்னடி குழுவினர் பழைய வகை ஹோமோ சேப்பியன் என்றார்கள். 'பாருங்க, அவங்களுக்கே தெரியல' என்று படைப்புவாதி சிரிப்பார். சண்டை வருவதே அது நடுவில் நிற்பதால்தான்.

தமிழ்நாட்டில் எலும்பு இல்லை, ஆனால் கைவேலை இருக்கிறது. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் பல்லாவரத்திலும், பிறகு கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். சாந்தி பப்பு குழுவினர் அத்திரம்பாக்கத்தை மறுபடி தோண்டி 2011-இல் வெளியிட்ட கணக்குப்படி, பழைய கைக்கோடரிகள் 10 லட்சம் ஆண்டுக்கும் மேற்பட்டவை, சராசரி 15 லட்சம். அந்தக் கல்லைச் செதுக்கிய கை எந்தத் தெருவைச் சேர்ந்தது? தெருவே இல்லை!

இப்போது ஒரு எச்சரிக்கை. விஞ்ஞானம் என்ற பெயரால் வருவதெல்லாம் நம் பக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. 1901 மக்கள் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, மூக்கை அளந்து சாதிக்குத் தரம் பிரித்தார். சென்னை அருங்காட்சியகத் தலைவர் தர்ஸ்டன் தலையை அளந்தார். அதே அளவுகளை எடுத்துத்தான் 1948-இல் தீண்டப்படாதார் பற்றிய நூலில் அம்பேத்கர், பிராமணரும் தீண்டப்படாதாரும் வேறு வேறு இனம் என்ற வாதத்தை உடைத்தார். 1990-இல் மண்டல் எதிர்ப்பின்போது 'தகுதி, தகுதி' என்று கத்தினார்களே, அவர்களுக்கும் டார்வினைத் துணைக்கு இழுக்கும் ஆட்கள் உண்டு. 'தகுதியுள்ளது பிழைக்கும்' என்ற சொற்றொடரை உண்டாக்கியவர் டார்வின் அல்ல, ஹெர்பர்ட் ஸ்பென்சர். உயிரியலில் தகுதி என்றால் அந்தச் சூழலில் பிழைத்துச் சந்ததி விடுவது. அது மார்க் ஷீட் அல்ல, உயர்வு தாழ்வும் அல்ல.

நம் பக்கமும் ஒரு ஆசை இருக்கிறது. 'நாங்கதான் ஆதி, நாங்கதான் முதல்ல வந்தவங்க' என்று சொல்லும் ஆசை. அயோத்திதாசர் பூர்வ பௌத்தர் என்றதும், 1922-இல் சென்னை மாகாண அரசை ஆதிதிராவிடர் என்ற பெயரை ஏற்கவைத்ததும், இழிபெயரைத் தூக்கியெறிந்த போராட்டங்கள். அவற்றின் மதிப்பு குறையாது. ஆனால் உரிமையை அந்த மேடையில் மட்டும் நிறுத்தினால் ஆபத்து. மதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் பிச்சப்பன் குழுவினர் எம்130 என்ற மரபணு அடையாளத்தைக் கண்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கரையோரமாக ஆஸ்திரேலியா வரை நடந்த பழைய பயணத்தின் தடம் அது. அதையும் 'எங்கள் சாதியே முதல் இந்தியன்' என்று மேடையில் முழங்குபவர்கள் இருக்கிறார்கள். ரத்தத்தில் பெருமை தேடினால் கடைசியில் மனு வீட்டு வாசலில்தான் போய் நிற்போம். முதலில் வந்தவனானாலும் நேற்று வந்தவனானாலும் நிலத்திலும் தண்ணீரிலும் மரியாதையிலும் அவனுக்குப் பங்குண்டு.

மரபணு சொல்லும் முக்கியமான சேதி வேறு. ஐதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானிகளும் ஹார்வர்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த நாட்டில் மக்கள் கூட்டங்கள் தாராளமாகக் கலந்தன, அதற்குப் பிறகே தனக்குள் மட்டும் மணம் முடிக்கும் வழக்கம் இறுகியது என்கிறது அது. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் எலும்புகளை வைத்துப் பார்த்தால் நம் இனத்துக்கு வயது சுமார் 3 லட்சம் ஆண்டு. அந்த 3 லட்சத்தை ஒரு பகல் ஒரு இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,900 ஆண்டு என்பது கடைசி ஒன்பது நிமிஷம். சாதி, படைப்பில் வந்ததல்ல. கடைசி ஒன்பது நிமிஷத்தில் மனுஷன் போட்ட வேலி. போட்ட வேலியைப் பிடுங்கலாம்.

அதனால்தான் பாடப்புத்தகம் நமக்கு முக்கியம். 2023-இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்தது. 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கண்டித்துக் கையெழுத்திட்டார்கள். மேல் வகுப்பில் இருக்கிறதே என்று சமாதானம் சொன்னார்கள். மேல் வகுப்பில் உயிரியல் எடுப்பது எத்தனை பேர்? பத்தாவதோடு கட்டட வேலைக்குப் போகும் நம் பிள்ளைக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அதைப் பிடுங்கினால் அவனிடம் மிஞ்சுவது புருஷ சூக்தம்தான். 2019-இல் வந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பரிணாமம் தனிப் பாடமாகவே இருந்தது. அதைக் காக்க வேண்டிய பொறுப்பு நமக்கு இருக்கிறது.

காலனியில் இரவுப் பாடசாலை நடத்தும் தோழர்களே, இரண்டு வேலை செய்யுங்கள். பிள்ளைகளை ஒருநாள் திருவக்கரைக்கு அழைத்துப்போய்க் கல்மரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சென்னைக்குப் போனால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஃபூட் சேகரித்த கற்கருவிகளைக் காட்டுங்கள். திரும்பி வரும்போது, 'அப்ப சாதியை யாரு சார் படைச்சது?' என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நீங்கள் தயாராக இருக்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.

இனி நீங்க கேளுங்க.