உலாவியும் உரிமையும்



ஊரில் உள்ள ஒரே நெல் ஆலைக்காரர், "என் சாக்கையும் வாங்கினால்தான் நெல் குற்றித் தருவேன்" என்றால் நாம் பொறுப்போமா? கைத்தொலைபேசி விடயத்தில் பொறுத்துவிட்டோம்.

அன்ட்ரொயிட் இயங்குதளம் கூகிள் நிறுவனத்தினுடையது. அதன் பிளே ஸ்டோர் என்னும் செயலிக் கடை இல்லாத தொலைபேசி விலைப்படுவது அரிது. அக்கடை வேண்டுமாயின் இணையத்தைத் திறந்துகாட்டும் குரோம் உலாவியையும் சேர்த்தே பதிக்க வேண்டுமென்று, தொலைபேசி செய்வோரிடம் அந்நிறுவனம் ஒப்பந்தம் எழுதிக்கொண்டது. (குரோம் உருவானபோது அப்பணிக்குத் தலைமை தாங்கியவர் மதுரையிற் பிறந்த சுந்தர் பிச்சை. நமக்குப் பெருமைதான், ஆனால் பெருமை வேறு, நியாயம் வேறு.)

2022 ஒக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் இதனைக் குற்றமெனக் கண்டு 1,337.76 கோடி இந்திய ரூபா தண்டம் விதித்தது. முன்னரே பதித்த கூகிள் செயலிகளை நாம் நீக்குவதற்குத் தடையிருக்கலாகாது என்றும் பணித்தது. 2023 மார்ச்சில் தேசியக் கம்பனிச் சட்ட மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் தண்டத்தை உறுதிசெய்தது. நீக்கும் உரிமை பற்றிய கட்டளையையோ தள்ளிவிட்டது. நமக்கு வேண்டியிருந்தது அந்தக் கட்டளையே.

நீக்க முடியாவிட்டாலும், பயர்பொக்ஸ் போன்ற வேறோர் உலாவியைப் பதித்து, அமைப்புகளில் அதனையே இயல்பான உலாவியாக வைக்கலாம். கூட்டம் முடிந்ததும் தொலைபேசிகளுடன் முன்னே வாருங்கள். மாற்றும் வழியைக் காட்டுகிறோம்.