மணியக்காரருக்கும் தெரியாத அறை

பழைய சத்திரங்களில் மணியக்காரர் என்று ஒருவர் இருப்பார். எந்த அறையில் யார் தங்கியிருக்கிறார், எந்த அறை காலி, எந்த அறையின் கூரை ஒழுகுகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. எல்லா அறைகளுக்கும் உரிய சாவிக்கொத்து அவருடைய இடுப்பில் தொங்கும். வழிப்போக்கர் பூட்டிவிட்டுப் போன அறையையும் அவர் நினைத்தால் திறக்கலாம். அவர் நல்லவராக இருக்கும் வரையில் அதனால் தீங்கொன்றுமில்லை.

இன்றைய கணினி உலகில் ஏறக்குறைய இந்த மணியக்காரரின் நிலையில் இருப்பது, மெய்நிகர் கணினிகளை ஆளும் மேலாண்மை மென்பொருள். சாவிகளை அதனிடமிருந்து வாங்கிக்கொண்டு, வேலையை மட்டும் அதனிடமே விட்டுவைப்பது எங்ஙனம் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் செய்தி.

ஒரு பெரிய கணினியின் செயலியையும் நினைவகத்தையும் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கும் தனிக் கணினியைப் போலவே நடந்துகொள்ளும்படி செய்வதை மெய்நிகராக்கம் என்கிறோம். இக்கருத்து புதியதன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். ஆய்வு நிலையத்தார் 1960-களிலேயே இதைச் செய்துகாட்டினர். பங்கிட்டுக் கொடுக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். லினக்ஸில் 2007-ஆம் ஆண்டு முதல் கே.வி.எம். என்பது இப்பணியைச் செய்து வருகிறது. ஆயிரக்கணக்கான பெருங்கணினிகள் வரிசையாக நிற்கும் கூடத்தில், எந்த மெய்நிகர் கணினியை எங்கே குடியமர்த்துவது, எப்போது இடம் மாற்றுவது என்று முடிவு செய்ய, ஹைப்பர்வைசருக்கும் மேலே ஓர் அதிகாரி தேவைப்படுகிறார். அதுதான் மேலாண்மை மென்பொருள். நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் 2010-ஆம் ஆண்டில் தொடங்கிய ஓபன்ஸ்டாக் திட்டத்தின் நோவா என்னும் பகுதி அத்தகையது.

ஒரு மருத்துவமனை தன் நோயாளிகளின் குறிப்புகளை இவ்வாறு வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினியில் வைத்திருப்பதாகக் கொள்வோம். வட்டில் கிடக்கும்போது அக்குறிப்புகள் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். கம்பி வழியே பயணம் செய்யும்போதும் அப்படியே. ஆனால் மருத்துவர் ஒரு குறிப்பைக் கேட்ட அந்த நொடியில் அது நினைவகத்தில் வெளிப்படையான எழுத்தாகவே நிற்கிறது. பெருங்கணினியின் நிர்வாகி ஒரே ஒரு கட்டளையால் அந்த நினைவகம் முழுவதையும் படி எடுத்துக்கொள்ளலாம். நிர்வாகி நேர்மையானவராகவே இருக்கட்டும்; அவருடைய கடவுச்சொல்லைத் திருடியவன் நேர்மையானவனா?

இதற்கு விடையாக ஏ.எம்.டி. நிறுவனம் 2016-இல் எஸ்.இ.வி. என்ற முறையை அறிவித்து, 2017-இல் வெளிவந்த எபிக் செயலிகளில் அதை அமைத்தது. செயலியின் சில்லுக்குள்ளேயே ஒரு சிறு பாதுகாப்புச் செயலி இருக்கிறது. அது ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் ஒரு தனித் திறவுகோலை உண்டாக்கித் தன்னிடமே மறைத்து வைத்துக்கொள்ளும். நினைவகத்துக்குச் செல்லும் தரவு ஏ.இ.எஸ். என்னும் குறியாக்க முறைப்படி மறைக்கப்பட்டுச் செல்கிறது. திரும்பும்போது மறை நீங்கி வருகிறது. திறவுகோல் எந்த மென்பொருளின் கண்ணிலும் படுவதில்லை. ஹைப்பர்வைசர் எட்டிப் பார்த்தால் பொருளற்ற எண்களையே காணும்.

வன்பொருள் வந்துவிட்டது, இனி மேலாண்மைத் திரையில் ‘குறியாக்கம் வேண்டும்’ என்று ஒரு கட்டத்தைச் சேர்த்துவிட்டால் போதுமே என்று தோன்றும். 2019-ஆம் ஆண்டின் ட்ரெயின் வெளியீட்டில் நோவா இவ்வசதியைப் பெற்றபோது செய்ய வேண்டியிருந்த வேலை அவ்வளவு எளிதாக இல்லை. காரணம் இதுதான்: மேலாண்மை மென்பொருளின் கைத்திறன்களில் பல, பிறர் அறையை எட்டிப் பார்க்கும் உரிமையை நம்பியே வளர்ந்தவை.

ஒன்றைப் பாருங்கள். இரண்டு மெய்நிகர் கணினிகளின் நினைவகத்தில் ஒரே மாதிரியான பக்கங்கள் இருந்தால், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றொன்றின் இடத்தை மிச்சப்படுத்துவது ஹைப்பர்வைசரின் வழக்கம். இரண்டு விருந்தினருக்கு ஒரே பாயை விரிப்பது போன்ற சிக்கனம் அது. தனித்தனித் திறவுகோல்களால் மறைக்கப்பட்ட பக்கங்கள் ஒருபோதும் ஒன்றுபோல் தோன்றா. ஆகவே அச்சிக்கனம் போயிற்று. பயன்படாத பக்கங்களை வட்டுக்கு நகர்த்தும் வழக்கமும் போயிற்று. குறியாக்கிய நினைவகம் வைத்த இடத்திலேயே பூட்டப்பட்டிருக்க வேண்டும். இருக்கும் இடத்தைக் காட்டிலும் கூடுதலாக வாடகைக்கு விடும் தந்திரத்துக்கு இங்கே இடமில்லை.

எண்ணிக்கையும் ஒரு சிக்கலாக வந்து நின்றது. எபிக் செயலியின் முதல் தலைமுறையில் ஒரே சமயத்தில் 15 மெய்நிகர் கணினிகளுக்கு மட்டுமே திறவுகோல் கிடைக்கும். நினைவகமும் செயலிநேரமும் தாராளமாக மிஞ்சியிருந்தாலும் பதினாறாவது விருந்தினருக்கு இடமில்லை. ஆகவே திறவுகோல் இடங்களையும் நினைவகத்தைப் போலவே எண்ணிக் கணக்கு வைக்க நோவாவுக்குக் கற்பிக்க வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் அந்த எண்ணை நிர்வாகியே கையால் எழுதி வைக்க வேண்டியிருந்தது என்பது சற்றே வேடிக்கை. பிந்திய தலைமுறைகளில் இந்த எல்லை நூற்றுக்கணக்காக உயர்ந்தது.

கேட்பவர் கேட்டதையெல்லாம் தலையாட்டி ஏற்கும் மென்பொருள் இவ்விடத்தில் ஆபத்தானது. குறியாக்கம் வேண்டுமென்று ஒருவர் கேட்கிறார். ஆனால் அவர் கொடுக்கும் வட்டுப் படிமமோ யு.இ.எஃப்.ஐ. என்னும் புதிய தொடக்கமுறைக்கு ஏற்றதாக இல்லை. அப்போது நோவா குறியாக்கமின்றி ஓட்டிவிடுவதில்லை, கோரிக்கையையே மறுத்துவிடுகிறது. அமைப்பு விவரத்தில் ஒன்றும் படிமத்தில் அதற்கு முரணாக வேறொன்றும் சொல்லப்பட்டிருந்தாலும் மறுப்புத்தான். இந்த மறுப்பை இவ்வேலையின் மிக நல்ல பகுதிகளுள் ஒன்றாகவே நான் மதிக்கிறேன். பூட்டு இல்லாத அறையைப் பூட்டிய அறை என்று சொல்லிக் கொடுப்பதைவிட, அறை இல்லை என்று சொல்வது மேல்.

இவற்றுள் பெரிய இழப்பு இடமாற்றம். பெருங்கணினி ஒன்றைப் பழுது பார்க்க வேண்டுமானால், அதில் ஓடும் மெய்நிகர் கணினிகளை நிறுத்தாமலே வேறொன்றுக்கு நகர்த்துவது நிர்வாகிகளின் அன்றாடப் பழக்கம். நினைவகத்தைப் படித்து மறுபுறம் எழுதுவதே அதன் முறை. படிக்க முடியாததை எப்படி நகர்த்துவது? ட்ரெயின் வெளியீட்டில் குறியாக்கிய கணினிகளை ஓடும் நிலையில் நகர்த்த இயலவில்லை. உறங்க வைக்கவும் இயலவில்லை. பழுது பார்க்கும் நாளில் மருத்துவமனையின் கணினி நின்றே தீரும். இதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இத்தனையும் விட்டுக்கொடுத்த பின்னர் இரகசியம் காக்கப்பட்டதா? 2018-இல் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வாளர்கள் ஒரு குறையை வெளியிட்டார்கள். கெட்ட ஹைப்பர்வைசர் மறைந்த பக்கங்களைப் படிக்க வேண்டியதில்லை. அவற்றை இடம் மாற்றி அடுக்கினால் போதும். மெய்நிகர் கணினியில் இயங்கும் இணையப் பணியகம், தான் அனுப்ப வேண்டிய கோப்பு என்று எண்ணி, வேறொரு பக்கத்தைத் தானே மறை நீக்கி வெளியே அனுப்பிவிடும். பூட்டை உடைக்காமல் கதவு எண்களை மாற்றி மாட்டிய கதை இது. எந்தப் பக்கம் யாருக்குரியது, எந்த முகவரியில் இருக்க வேண்டும் என்று செயலியே பதிவேடு வைத்துக்கொள்ளும் எஸ்.என்.பி. என்ற திருத்திய முறை 2021-இல் மூன்றாம் தலைமுறை எபிக் செயலிகளுடன் வந்தது. அதனை விருந்தளிக்கும் ஆற்றல் லினக்ஸின் பொது மூலத்தில் 6.11 பதிப்பில், 2024-ஆம் ஆண்டில், சேர்ந்தது. சில்லு வந்ததற்கும் மென்பொருள் ஆயத்தமானதற்கும் இடையே மூன்று ஆண்டுகள்!

இன்னொரு வினா எஞ்சி நிற்கிறது. மேலாண்மைத் திரையில் ‘குறியாக்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் காட்டப்படுகிறது. அதைச் சொல்வது யார்? நாம் எவரை நம்ப வேண்டாமென்று இவ்வளவு பாடுபட்டோமோ, அந்த மணியக்காரரேதான்! அவர் சொல்லைச் சான்றாகக் கொள்வதில் பொருளில்லை. ஆகவே சான்று வேறிடத்திலிருந்து வர வேண்டும். மெய்நிகர் கணினி தொடங்கும்போது அதன் நினைவகத்தில் முதன்முதல் ஏற்றப்பட்டவற்றைப் பாதுகாப்புச் செயலி அளந்து, ஒரு சுருக்க எண்ணாக வைக்கிறது. பழைய எஸ்.இ.வி. முறையில் ஓட்டம் தொடங்குமுன்பே அவ்வெண் உரிமையாளருக்குப் போகும், எஸ்.என்.பி. முறையில் மெய்நிகர் கணினியே கேட்டுப் பெற்று, சில்லின் கையொப்பத்துடன் அனுப்பும். முதல் முறையில் மேலாண்மை மென்பொருளுக்குரிய பங்கு தபால்காரரின் பங்கே. முத்திரையிட்ட கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். பிரிக்க முடியாது, திருத்தினால் தெரிந்துவிடும்.

மருத்துவமனை தன் சொந்தக் கட்டடத்தில் வைத்திருக்கும் ஒரு சிறு கணினியில், வந்த எண்ணையும் தான் முன்பே கணக்கிட்டு வைத்த எண்ணையும் ஒப்பிடுகிறது. இரண்டும் ஒத்தால் வட்டின் திறவுகோலை அனுப்புகிறது. ஒவ்வாவிட்டால் அனுப்புவதில்லை, தொலைவில் உள்ள மெய்நிகர் கணினி தன் வட்டைத் திறக்க வழியின்றி அப்படியே நின்றுவிடுகிறது.