மழைநாளில் கிளம்பாத மோட்டார்



அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. எனினும் அதைப் பேணி வருவோர் இன்றும் உளர். மட்டாஞ்சேரியில் ஆனி மழை பிடித்துவிட்டால் காலையில் வண்டி கிளம்ப மறுக்கிறது. நோயாளியை ஏற்றிக்கொண்டு தோப்பும்படி வழியே எர்ணாகுளம் செல்ல வேண்டிய வேளையில் நாம் என்ன செய்கிறோம்? உடனே கார்புரேட்டரைப் பிரித்துப் போடுகிறோம். பாவம், அதன்மேல் பழி!

உப்புக்காற்றும் ஈரமும் முதலில் கெடுப்பது மின்பொறியையே. ஆதலின் டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடைப்போம். பாயிண்டு முழுதும் திறந்த நிலையில் இடைவெளி ஏறத்தாழ 0.015 அங்குலம் இருத்தல் வேண்டும். பின்னர் பிளக்கைக் கழற்றி நோக்குவோம். பெட்ரோலில் நனைந்திருப்பின், குறை பெரும்பாலும் பொறியில்தான். உலர்ந்திருப்பின் பெட்ரோல் வந்து சேரவில்லை. அப்போதுதான் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தைத் திறக்கலாம்; பீடி, சிகரெட்டை அப்பால் எறிந்துவிட்டு!