நாற்புறமும் பிறர் நிலம்

 

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மேடையில், கடலில்லாத ஒரு சிறு நாட்டின் நிலவியலையும் பொருளியலையும் அரசியல் வரலாற்றையும் இன்று ஆராய விழைகின்றோம்.

உலகில் கடற்கரை இல்லா நாடுகள் நாற்பதுக்கு மேல் உள்ளன. அவற்றுள் ஆப்பிரிக்காவின் லெசோதோ தனித்தன்மை வாய்ந்தது. தென்னாப்பிரிக்கா என்னும் ஒரே நாடு அதனை நாற்புறமும் சூழ்ந்துள்ளது. 1966இல் விடுதலை பெற்ற அம்மலைநாட்டிலிருந்து ஒரு மூட்டைச் சரக்கு தரைவழியே கடலை அடைய வேண்டுமாயின், பிறர் நிலத்தைக் கடந்தே ஆகவேண்டும். இத்தகைய நாடு எவ்வாறு பிழைக்கும்? வாயிற்கதவின் திறவுகோல் அயலான் கையில் இருக்கையில், உள்ளே இருப்போரின் உரிமை எத்தகையது?

இக்கேள்விகளுக்கு விடை தேடி நாம் ஆப்பிரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. தாம்பரத்தில் நின்று, திருச்சி வழியாக இராமேசுவரம் செல்லும் வண்டியில் ஏறினால் போதும். அவ்வண்டி புதுக்கோட்டையில் நிற்கும். 1948 வரை அது தனியரசு நாடு. பரப்பு ஏறத்தாழ 1,180 சதுர மைல். மக்கள் தொகை, அந்நாடு மறையும் தறுவாயில், நான்கு இலட்சத்துக்குச் சற்று மேல். திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம் என நாற்புறமும் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட நிலப்பகுதிகள். கடல் அருகிலேயே இருந்தும் அந்நாட்டுக்குக் கடற்கரை இல்லை.

நிலவியலை முதலில் நோக்குவோம். வெள்ளாறு இந்நாட்டை ஊடறுத்து ஓடுகிறது. அதன் வடபால் கோனாடு, தென்பால் கானாடு எனப் பழங்காலத்தில் வழங்கினர். காவிரி போன்ற பேராறு இங்கில்லை. செம்மண்ணும் கற்பாறையும் மிக்க மேட்டு நிலம் இது. ஆகவே மழைநீரைத் தேக்கியே மக்கள் வாழ்ந்தனர். இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. அவற்றை வெட்டியவரும் கரை கட்டியவரும் யாவர்? கல்வெட்டில் கொடையாளர் பெயர் இருக்கும். மண் சுமந்தவர் பெயர் இராது. தமிழகத்தின் பல பகுதிகளில் மடை திறந்து வயல்தோறும் நீர் பாய்ச்சும் பணி ஒடுக்கப்பட்ட மக்களுடையதாகவே இருந்தது. அந்நீரால் விளைந்த நிலம் அவர்களுடையதன்று.

இனி அரசியல் வரலாறு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் தொண்டைமான் மரபினர் இங்கு அரசு நிறுவினர். சுற்றிலும் வலியோர் இருக்க, யார் பக்கம் நிற்பது என்பதே அவர்தம் ஆட்சியின் முதல் வினாவாயிற்று. கருநாடகப் போர்களிலும் ஐதர் அலியுடனான போர்களிலும் அவர்கள் ஆங்கிலேயரின் பக்கம் நின்றனர். 1799இல் கட்டபொம்மன் இந்நாட்டுக் காட்டில் பிடிபட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டார். ஆங்கிலேயர்க்குக் கப்பம் கட்டாத சமஸ்தானமாக இது நீடித்தமைக்கு அந்நட்பே காரணம். சிறு நாட்டின் உரிமை அண்டை வல்லரசின் தயவில் தொங்கியது என்பதே இதன் பொருள்.

பொருளியலும் இதனையே காட்டும். நவராத்திரிக் காலத்தில் அரிசியோடு வழங்கப்பட்ட அம்மன் காசு இந்நாட்டின் சொந்தச் செப்பு நாணயம். எனினும் பெரிய கொடுக்கல் வாங்கலுக்குப் பிரிட்டிஷ் இந்திய ரூபாயே வேண்டும். கடல் இல்லாத இந்நாட்டில் உவர்மண்ணிலிருந்து உப்புக் காய்ச்சினர். உப்பு வரியைக் காத்துக்கொள்ள விரும்பிய ஆங்கிலேயர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அத்தொழிலை நிறுத்தச் செய்தனர். அரசுக்கு அதற்கு ஈடாகப் பணம் கிடைத்தது. தொழிலை இழந்தவனோ உப்பையும் விலைக்கு வாங்க வேண்டியவனானான். உழவிலோ, விளைச்சலை அரசும் குடியும் பங்கிட்டுக்கொள்ளும் அமானி முறை நெடுங்காலம் நிலவியது. 1878இல் பொறுப்பேற்ற திவான் சேஷய்யா சாஸ்திரியின் காலத்தில்தான் அது ஒழிந்தது.

1948 மார்ச் மாதத்தில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 சனவரி 14இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. தஞ்சை மாவட்டத்தின் பகுதிகளும் அதனுடன் சேர்க்கப்பட்டமையால், கடலில்லா நாட்டுக்குக் கடற்கரையும் வாய்த்தது. மன்னரின் அரண்மனையில் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இயங்குகிறது. வெளி எல்லைகள் இவ்வாறு அழிந்தன. உள் எல்லைகள் அழிந்தனவா?

இளைஞர்களே! நம் சேரிகளை எண்ணிப் பாருங்கள். நாற்புறமும் பிறர் நிலம். சாலைக்கு வரப் பிறர் வரப்பு. சுடுகாட்டுக்குச் செல்லப் பிறர் வயல். குடிநீருக்குப் பிறர் தயவு. வரைபடத்தில் இடம்பெறாத கடலில்லா நாடுகள் அவை. 1927 மார்ச்சில் அண்ணல் அம்பேத்கர் மகாத்தில் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகியது, அந்த எல்லையைத் தகர்க்கவே. அதற்குத் தொண்ணூற்றைந்து ஆண்டுகளுக்குப் பின், 2022 டிசம்பரில், இதே புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருக்கக் கண்டனர். விசாரணைக்கு வந்த அதிகாரிகள் முன்னிலையில், அதுவரை அடைக்கப்பட்டிருந்த கோயிற்கதவு அம்மக்களுக்குத் திறந்தது. தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையும் வெளிப்பட்டது. 2025 சனவரியில் காவல்துறை அவ்வூர் ஒடுக்கப்பட்ட மக்களுள் மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அம்மக்கள் அதனை ஏற்கவில்லை. ஏரிகளால் வாழ்ந்த நாட்டில், நீரே இன்றும் எல்லைக்கோடாக நிற்கிறது.

அவ்வாறாயின் வழி யாது? அதனையும் புதுக்கோட்டையே காட்டுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் கல்லூரியில் ஒரு பெண் சேர எதிர்ப்பு எழுந்தபோது, மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடமளித்தார். அப்பெண்ணே பின்னாளில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. மன்னர் ஒருவரின் ஆணையால் ஒருவருக்குத் திறந்த கதவு அது. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்திலோ வயல்வெளியிலும் கற்குவாரியிலும் உழைத்த பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தறிந்தனர். மிதிவண்டி ஓட்டக் கற்றனர். கல்லுடைத்த பெண்களின் குழுக்களுக்கே சில குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. கணக்கு எழுதத் தெரிந்தவளை ஏய்ப்பது அரிது. தானே மிதிவண்டியில் செல்பவளைத் தடுப்பதும் அரிது. இங்கே கதவைத் தள்ளித் திறந்தவர்கள் அவர்களே.

லெசோதோ தன் மலைநீரைத் தென்னாப்பிரிக்காவுக்கு விற்று வருவாய் ஈட்டுகிறது. சூழ்ந்திருப்பவனுக்கும் நம்மிடம் ஒரு தேவை உண்டு என அறிந்து, அதற்கு விலை பேசக் கற்றவனே தலைநிமிர்வான். நம்மிடம் உள்ள பொருள் உழைப்பு. அதற்கு விலை பேசும் ஆற்றலைத் தருவது கல்வி.

தோல் தொழிற்சாலையொன்றின் பெயரால் விளங்கும் இக்குரோம்பேட்டையில், நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக அவ்வழியைத் திறந்து வைத்துள்ளது. நம்மில் படித்து வெளியேறியோர் பலர். திரும்பி வந்து, அடுத்தவனுக்கு வழி காட்டியோர் எத்துணைப் பேர்? இவ்வினாவை ஒவ்வொருவரும் இன்றிரவு தம்முள் எழுப்பிக்கொள்ள வேண்டுகிறோம். ஒருவன் மட்டும் கடந்து சென்றால் அது தப்பித்தல். அனைவரும் கடந்து செல்லுமாறு செய்வதே விடுதலை.